கடைசல் பட்டறையில் நாமகரணம்

பாற்கடலைக் கடைந்த கதையை அறியாத தமிழ்க் குழந்தை அரிது. மந்தர மலையை மத்தாக நாட்டினார்கள். வாசுகியைக் கயிறாகச் சுற்றினார்கள். தேவர்கள் ஒரு பக்கமும் அசுரர்கள் ஒரு பக்கமுமாக நின்று இழுத்தார்கள். மலையோ சுழல்வதற்குப் பதிலாகக் கடலுக்குள் அமிழ்ந்தது. இழுப்பதற்கு ஆட்பஞ்சம் இல்லை, கயிற்றிலும் குறையில்லை. மத்துக்கு அடியில் ஆதாரம் இல்லை என்பதே குறை. திருமால் ஆமையாகி மலையை முதுகில் தாங்கிய பிறகே காரியம் நடந்தது. மலை சாய்ந்துவிடாதபடி அதன் உச்சியையும் அவரே ஒரு கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டார் என்று பாகவதம் சொல்கிறது.

பக்தர்கள் இக்கதையில் காணும் உட்பொருள் வேறு. கடைசல் தொழிலாளி ஒருவரிடம் இதைச் சொன்னால், "சுழலும் பொருளுக்கு இரு முனையிலும் தாங்கல் வேண்டும் என்பதுதானே எங்கள் தொழிலின் முதற்பாடம்!" என்பார்.

அவருக்கு நம் மொழியே சாட்சி. தயிர் கடைகிறோம், மரமும் கடைகிறோம். இரண்டுக்கும் வினைச்சொல் ஒன்றுதான். பழைய கடைசல் பட்டறையில் ஒருவர் கயிற்றை முன்னும் பின்னும் இழுப்பார். இரண்டு இரும்பு முனைகளுக்கு நடுவே மரத்துண்டு இப்படியும் அப்படியும் சுழலும். மற்றொருவர் உளியைப் பிடித்து அதற்கு உருவம் கொடுப்பார். தயிர்ப் பானையில் மத்தும் கயிறும் செய்கிற வேலையே இது. மத்து நின்றபடி சுழல்கிறது, மரம் படுத்தபடி சுழல்கிறது என்பதைத் தவிர வித்தியாசம் இல்லை. அம்பாசமுத்திரத்துச் சொப்புச் சாமான்களும், நம் வீடுகளில் பாட்டனார் காலத்துக் கட்டிலின் உருண்டைக் கால்களும் இப்படிக் கடைந்தெடுக்கப்பட்டவையே.

'கடைசல்' என்னும் இந்த அழகிய சொல் இரும்பு யந்திரத்துக்கும் வந்து சேர்ந்தது. ஊரார் 'லேத்' என்பதைப் புத்தகங்கள் 'கடைசல் யந்திரம்' என்கின்றன. யந்திரத்துக்குத் தமிழ்ப் பெயர் இருக்கிறது. ஆனால் அதன் அங்கங்களுக்கு, அதிலும் சுழலும் பொருளைப் பிடித்தும் தாங்கியும் நிற்கும் அங்கங்களுக்கு, என்ன பெயர் என்று கேட்டால் பட்டறை ஒன்று சொல்கிறது. பாடப் புத்தகம் வேறொன்று சொல்கிறது. இது சிறு குழப்பமாகத் தோன்றலாம். இதன் விளைவு சிறிதன்று.

தாங்குவோர் யாவர்?

யந்திரத்தைப் பார்த்திராத நேயர்களுக்காக முதலில் அதன் அமைப்பைச் சுருக்கமாகச் சொல்லி விடுவோம். கடைசல் யந்திரத்தில் பொருள் சுழல்கிறது. உளி சுழலாமல் நகர்கிறது. நீண்ட இரும்புப் படுகை ஒன்றின் இடது கோடியில் 'ஹெட்ஸ்டாக்' என்னும் பகுதி அசையாமல் நிற்கிறது. மோட்டாரின் விசை அதற்குள் இருக்கும் சுழல்தண்டுக்கு வந்து சேர்கிறது. அத்தண்டின் முனையில் 'சக்' என்னும் கவ்வி இருக்கிறது. மூன்று தாடைகள் உள்ள சக்கில் ஒரு சாவியைத் திருப்பினால் மூன்றும் ஒருங்கே நெருங்கி வந்து உருண்டைக் கம்பியைத் தாமாகவே நடுவில் நிறுத்திப் பிடிக்கும். நான்கு தாடைச் சக்கில் ஒவ்வொரு தாடையும் தனித்தனியே நகரும். கோணல் மாணலான பொருளுக்கு அதுவே உகந்தது. எந்தத் தாடைக்கும் அடங்காத வார்ப்புகளைத் துளைகள் நிறைந்த ஒரு வட்டத் தட்டில் வைத்து மரையாணிகளால் முடுக்குவார்கள். அதற்கு 'பேஸ் பிளேட்' என்று பெயர்.

வலது கோடியில் இருப்பது 'டெயில்ஸ்டாக்'. இது படுகையின் மேல் நகர்ந்து வந்து, வேண்டிய இடத்தில் பூட்டிக்கொண்டு நிற்கும். அதிலிருந்து நீளும் கூர்முனைக்கு 'சென்டர்' என்று பெயர். பெரும்பாலும் 60 பாகைக் கோணத்தில் கூராக்கப்பட்ட அந்த முனை, பொருளின் நெற்றியில் இட்ட சிறு குழியில் பொருந்தி அதைத் தாங்குகிறது.

நீளமும் மெலிவுமான கம்பிக்கு இரு முனைத் தாங்கலும் போதாது. நீண்ட பந்தல் மூங்கிலுக்கு இடையிலே முட்டுக் கொடுப்பது போல, படுகையில் ஓர் இடத்தில் நிலையாகப் பூட்டி மூன்று விரல்களால் கம்பியை அணைத்துக்கொள்ளும் வளையம் ஒன்று உண்டு, அது 'ஸ்டெடி'. மற்றொரு வகை நிலையாக நில்லாமல் உளியோடு கூடவே நகரும். உளி எங்கே அழுத்துகிறதோ அங்கே எதிர்ப்புறமும் மேற்புறமும் விரல் கொடுத்துத் தாங்கும். சைக்கிள் பழகும் பையனுக்குப் பக்கத்திலேயே ஓடிவரும் தகப்பனாரை நினைத்துக் கொள்ளலாம். அதற்கு 'பாலோ ரெஸ்ட்' என்று பெயர்.

இத்தனை தாங்கிகள் எதற்கு? கணக்கைக் கேட்டால் வியப்பாக இருக்கும். ஒரு முனையில் மட்டும் பிடித்த கம்பியின் நீளம் இரண்டு மடங்கானால், அதே அழுத்தத்துக்கு அது வளைவது எட்டு மடங்காகும். கனம் பாதியானால் வளைவு பதினாறு மடங்காகும். ஒரு முனையில் பிடித்த கம்பியின் மறுமுனையை அழுத்தும்போது ஏற்படும் வளைவைவிட, இரு முனைகளிலும் தாங்கிய கம்பியை நடுவில் அழுத்தும்போது ஏற்படும் வளைவு பதினாறில் ஒரு பங்குதான். ஆகவே, சக்குக்கு வெளியே நீளும் பகுதி குறுக்களவைப் போல் மூன்று மடங்குக்கு மேற்பட்டால் எதிர்முனைத் தாங்கல் வேண்டும், பத்துப் பன்னிரண்டு மடங்கைத் தாண்டினால் இடைத்தாங்கலும் வேண்டும் என்று தொழிலாளர்கள் ஒரு பொது விதி வைத்திருக்கிறார்கள். விதியை மீறினால் ஒரு முனையில் பிடித்த கம்பி நுனியில் தடித்துப் போகும். இரு முனையிலும் பிடித்தது நடுவில் பிள்ளையார் வயிறு கொள்ளும். அந்த வயிறு தலைமயிரின் கனம்கூட இராது. ஆயினும் அத்தண்டு அதற்குரிய துளையில் நுழைய மறுக்க அது போதும்.

பொம்மையும் சந்திரனும் குதிரைச் சவாரியும்

இனிப் பெயர்களின் பூர்வோத்தரத்தைக் கவனிப்போம். ஆங்கிலத்தில் இப்பெயர்களைப் பண்டிதர் சபை எதுவும் கூடி உண்டாக்கவில்லை. 'ஸ்டாக்' என்பதற்கு மரக்கட்டை என்பதே பழைய பொருள். 'சக்' என்பதும் மரத்துண்டைக் குறித்த நாட்டுப்புறச் சொல்லிலிருந்து வந்ததே. ஜோசப் மாக்ஸன் என்பவர் 1677 முதல் பகுதி பகுதியாக வெளியிட்ட கைத்தொழில் நூலில், பொருளைத் தாங்கும் இரண்டு கட்டைகளையும் 'பப்பெட்' என்று எழுதியிருக்கிறார். பொம்மை என்று அதற்கு அர்த்தம்! படுகையின் மேல் இரண்டு பொம்மைகள் எதிரெதிரே நிற்பது போலத் தச்சர் கண்ணுக்குத் தோன்றியது போலும். ஹென்றி மாட்ஸ்லே 1800-ஆம் ஆண்டை ஒட்டி லண்டனில் இரும்பாலான மரை வெட்டும் லேத்தை உருவாக்கினார். கட்டைகள் இரும்பாயின, பெயர் மட்டும் கட்டையாகவே நின்றது.

பிரெஞ்சுக்காரர்கள் இன்றைக்கும் ஹெட்ஸ்டாக்கை 'நிலைப் பொம்மை' என்றும் டெயில்ஸ்டாக்கை 'நகரும் பொம்மை' என்றுமே சொல்கிறார்கள். ஸ்டெடிக்கு அவர்கள் இட்ட பெயர் 'லூநெத்'. குட்டிச் சந்திரன் என்பது அதன் சொற்பொருள், வட்டமான வளையமல்லவா? ஜெர்மானியரும் அப்பெயரையே எடுத்துக்கொண்டார்கள். ஆனால் டெயில்ஸ்டாக்குக்கு அவர்கள் சூட்டிய பெயர் 'சவாரிக் கட்டை' என்று பொருள்படும் 'ரைட்ஸ்டாக்'. படுகையின் முதுகில் அது ஏறி அமர்ந்து போவதைப் பார்த்தால் பெயரின் பொருத்தம் விளங்கும்.

சக் இல்லாமல் இரு முனைகளுக்கு நடுவே பொருளைச் சுழற்ற வேண்டுமானால், பொருளின் கழுத்தில் வால் உள்ள ஒரு பூட்டை மாட்டுவார்கள். அந்த வாலைச் சுழல்தட்டு தள்ளிக்கொண்டு போகும். அமெரிக்கர் இதை 'நாய்' என்கிறார்கள். கவ்வினால் விடாது என்பதால் இருக்கலாம். ஆங்கிலேயர் 'சுமப்பது' என்று பொருள்படும் 'கேரியர்' என்கிறார்கள். ஜெர்மானியருக்கு அது இதய வடிவமாகத் தோன்றியதால் 'சுழல் இதயம்' ஆயிற்று. ஒரே இரும்புத் துண்டு ஓரிடத்தில் நாய், ஓரிடத்தில் இதயம்!

இவற்றிலிருந்து நாம் அறிவது என்ன? ஒவ்வொரு நாட்டாரும் தம் வீட்டிலும் கொல்லையிலும் கண்டதைக் கொண்டே யந்திரத்துக்குப் பெயரிட்டார்கள். அதனால் ஜெர்மன் யந்திரத்தின் மதிப்பு உலகச் சந்தையில் குறைந்துவிடவில்லை.

உயிருள்ள முனையும் உயிரற்ற முனையும்

ஆனால் பிறருடைய பெயர்களில் குறையே இல்லை என்று நினைத்துவிடக் கூடாது. 'மாண்ட்ரல்' என்ற சொல்லைப் பாருங்கள். பழைய ஆங்கில நூல்களில் அது ஹெட்ஸ்டாக்கின் சுழல்தண்டு. பிற்காலத்தில் துளையுள்ள பொருளைக் கோத்துக் கடைவதற்கான கம்பிக்கு அது பெயராயிற்று. பிரெஞ்சில் அதே சொல் சற்று உருமாறிச் சக்கைக் குறிக்கிறது. ஒரு பெயருக்கு மூன்று உரிமைக்காரர்கள்!

இதைவிட அபாயமானது 'லைவ் சென்டர்', 'டெட் சென்டர்' என்ற ஜோடி; உயிருள்ள முனை, உயிரற்ற முனை என்று பொருள். பழைய நூல்களில் உயிருள்ள முனை என்றால் இடப்பக்கத்தில் சுழல்தண்டோடு சுழலும் முனை. உயிரற்றது என்றால் வலப்பக்கத்தில் சுழலாமல் நிற்கும் முனை. வலப்பக்க முனை அசையாமல் நிற்கப் பொருள் அதன்மேல் உராய்ந்து சுழல்வதால் மசகு இட்டே தீரவேண்டும். முன்னாளில் வெள்ளை ஈயத்தை எண்ணெயில் குழைத்து இட்டார்கள். பின்னர், உள்ளே பேரிங்குகள் வைத்துப் பொருளோடு தானும் சுழலக்கூடிய வலப்பக்க முனை வழக்கத்துக்கு வந்தது. அதற்கும் 'லைவ் சென்டர்' என்றே பெயர் வைத்துவிட்டார்கள்!

இப்பொழுது ஒரு புதிய மாணவனின் நிலையை யோசியுங்கள். புத்தகத்தில் லைவ் சென்டர் இடப்பக்கத்தில் இருக்கிறது. கடையில் அதே பெயர் சொல்லிக் கேட்டால் வலப்பக்கத்து முனையைக் கொடுக்கிறார்கள். பட்டறையில் மேஸ்திரியோ எல்லாவற்றையும் 'சென்டர்' என்ற ஒரே சொல்லில் அடக்கி விடுகிறார். "சென்டரைப் போட்டு ஓட்டு" என்கிறார். பையன் சுழலாத முனையைப் பொருத்தி, மசகு இடாமல், வேகமாக ஓட்டுகிறான். முனை சூடேறி நீலம் பாய்கிறது. நுனி கருகித் தேய்கிறது. அத்துடன் எஃகு சூட்டில் நீளும் இயல்புடையது. ஒரு மீட்டர் நீளமுள்ள கம்பி 50 டிகிரி சூடேறினால் அரை மில்லிமீட்டருக்கு மேல் நீள்கிறது. இரு முனைகளுக்கும் இடையே அகப்பட்ட கம்பி நீள இடமின்றி முனையை இன்னும் இறுக்குகிறது. உராய்வு இன்னும் பெருகுகிறது. முனை தேய்ந்து பிடி தளர்ந்தால் சுழலும் இரும்பு இருந்த இடத்தில் இராது. எதிரே நிற்பவன் நம் வீட்டுப் பிள்ளை.

இதற்குப் பெயரை மட்டும் குற்றம் சொல்லலாமா என்று கேட்கலாம். பயிற்சிக் குறைவு, அவசரம், மேற்பார்வையின்மை எல்லாம் காரணந்தான். ஆயினும் 'சுழலாத முனை' என்று பெயரிலேயே ஓர் எச்சரிக்கை இருந்திருந்தால், மசகைப் பற்றிய நினைவு அந்தப் பையனுக்குத் தானாக வந்திருக்கும் அல்லவா?

நம் நாட்டில் நடந்தது

யந்திரம் செய்வதில் நாம் பின்தங்கிவிடவில்லை. 1926-இல் கோவை பீளமேட்டில் பூ. சா. கோ. தொழிற்கூடம் தொடங்கிற்று. 1941-இல் ஹரிஹரில் மைசூர் கிர்லோஸ்கர் கம்பெனி லேத் உற்பத்திக்கென ஏற்பட்டது. நாடு விடுதலை அடைந்த பின், 1953-இல் பெங்களூரில் ஹிந்துஸ்தான் மெஷின் டூல்ஸ் நிறுவப்பட்டது. அந்நியர் யந்திரத்தை எதிர்பார்த்துக் கைகட்டி நின்ற காலம் போயிற்று.

பெயர் விஷயத்திலும் முயற்சி இல்லாமல் இல்லை. 1916-இலேயே சேலத்தில் ராஜாஜி அவர்களின் முயற்சியால் சாஸ்திரச் சொற்களைத் தமிழில் ஆக்குவதற்கென்று ஒரு சங்கம் தோன்றியது. 2010-இல் அண்ணா பல்கலைக்கழகம் யந்திரப் பொறியியலையும் கட்டடப் பொறியியலையும் தமிழில் கற்பிக்கத் தொடங்கியது. இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட காலத்தில் எத்தனையோ அறிஞர்கள் எத்தனையோ அகராதிகளைத் தொகுத்தார்கள். அவர்கள் உழைப்பை வணங்குகிறோம்.

ஆயினும் ஒன்று சொல்ல வேண்டும். அகராதிச் சொற்களிற் பல, பட்டறை வாசலைத் தாண்டவில்லை. சொல் ஆக்கியவர் கையில் மசகு படவில்லை. மசகு பட்டவரைச் சொல் ஆக்க யாரும் அழைக்கவில்லை. இதன் பலனைப் பள்ளிக்கூடத்தில் பாடம் சொல்லும் நாம் கண்கூடாகக் காண்கிறோம். யந்திரத்தின் முன் நிறுத்தினால் ஸ்டெடியின் மூன்று விரல்களையும் அளவாக அணைத்து வைக்கும் மாணவன், 'அதன் பயனை விளக்குக' என்று வினாத்தாளில் கேட்டால் பேனாவைக் கடித்துக்கொண்டிருக்கிறான். அவனுக்கு விஷயம் தெரியும். வினாத்தாளில் அச்சாகியிருக்கும் பெயர்தான் தெரியாது. கைக்குத் தெரிந்தது நாவுக்கு வராமற் போனால், அந்த அறிவு அவனோடு நின்றுவிடும். அடுத்தவனுக்கு அதைச் சொல்லிக் கொடுக்கவோ, எழுதி வைக்கவோ, அதைத் திருத்தி ஒரு புதுமை காணவோ அவனால் இயலாது. நாட்டுக்கு நஷ்டம் இங்கேதான்.

பெயர் எப்படி இருக்க வேண்டும்?

நமக்குத் தோன்றும் விதிகள் மூன்று. முதலாவது, வேரூன்றிவிட்ட சொல்லைப் பிடுங்க வேண்டாம். 'சக்' என்பது ஓரெழுத்து ஓசைபோல் நாவில் நிற்கிறது. அதைத் தூக்கியெறிந்து ஐந்தெழுத்துப் பெயர் சூட்டினால் மேஸ்திரி சிரிப்பார். மூன்று தாடைச் சக், நான்கு தாடைச் சக் என்பவை தமிழாகவே ஆகிவிட்டன.

இரண்டாவது, சொல்லை மொழிபெயர்க்க வேண்டாம். வேலையைப் பார்த்துப் பெயரிட வேண்டும். 'டெட் சென்டர்' என்பதைச் 'செத்த மையம்' என்று மொழிபெயர்த்தால் பழைய குழப்பத்துக்கு ஓர் அமங்கலத்தையும் சேர்த்ததாகும். 'நிலைமுனை' என்றால் நிற்பது. 'சுழல்முனை' என்றால் சுழல்வது. நிலைமுனைக்கு மசகு உண்டு, சுழல்முனைக்கு வேண்டியதில்லை. இடப்பக்கத்துச் சுழல்தண்டில் பொருத்துவதைத் 'தலைமுனை' என்று தனியே சொல்லிவிட்டால், ஆங்கிலத்தில் உள்ள மயக்கம் தமிழில் இராது. இவ்வாறே படுகையில் நின்று தாங்குவது 'நிலைத்தாங்கி'. உளியுடன் நகர்ந்து தாங்குவது 'உடன்தாங்கி'. எதிரே நின்று தாங்கும் டெயில்ஸ்டாக் 'எதிர்த்தாங்கி'. பேஸ் பிளேட் 'முகத்தட்டு'.

மூன்றாவது, வீட்டில் வழங்கும் சொல் கிடைக்குமானால் அதுவே உத்தமம். அமெரிக்கரின் 'நாய்'க்கும் ஜெர்மானியரின் 'இதய'த்துக்கும் நம்மிடம் என்ன இருக்கிறது? கதவிலே 'கொண்டி' இருக்கிறது! மாட்டிப் பிடிப்பது கொண்டியின் வேலை. 'சுழற்கொண்டி' என்றால் தமிழ்க் குழந்தைக்கும் பாதி விளங்கும்.

இவை முடிந்த முடிபல்ல. ஒரு பட்டறையில் இதைவிட நல்ல சொல் ஏற்கெனவே வழங்கி வரலாம். அப்படியானால் அதுவே வெல்லட்டும்.

"கம்ப்யூட்டர் கட்டளைப்படி இயங்கும் லேத்துகள் வந்துவிட்ட காலத்தில் இந்தப் பழைய பெயர்கள் எதற்கு?" என்று சிலர் கேட்கக்கூடும். கட்டளையைக் கம்ப்யூட்டர் இடலாம். ஆனால் வளையும் கம்பியின் சுபாவத்தை அதனால் மாற்ற முடியாது. அந்த யந்திரங்களிலும் சக் இருக்கிறது, எதிர்த்தாங்கி இருக்கிறது, நீண்ட தண்டுக்கு நிலைத்தாங்கியும் வேண்டியிருக்கிறது. "ஆங்கிலப் பெயர் தெரிந்தால்தானே வெளியூரில் வேலை கிடைக்கும்?" என்பது மற்றொரு கேள்வி. நியாயமான கேள்வி. ஆங்கிலப் பெயரை மறக்கும்படி யாரும் சொல்லவில்லை. பொருளை முதலில் தாய்மொழியில் விளங்கிக்கொண்டவனுக்கு இன்னொரு மொழியின் பெயர் சுமையன்று. பொருள் விளங்காமல் பெயரை மட்டும் மனப்பாடம் செய்தவனுக்குத்தான் எந்த மொழியும் சுமை.

ஆதலால் நம் வேண்டுகோள் எளியது. தொழிற்பயிற்சி நிலையங்களில் ஒவ்வொரு லேத்துக்கும் மேலே ஒரு சிறு பலகை மாட்டட்டும். அதில் ஒவ்வோர் அங்கத்தின் தமிழ்ப் பெயரும், தமிழ் எழுத்திலேயே அதன் ஆங்கிலப் பெயரும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கட்டும். எந்தத் தமிழ்ப் பெயரை எழுதுவது என்று தீர்மானிக்கும் கூட்டத்தில் தமிழாசிரியர் ஒருவர் இருக்கட்டும், பொறியியல் படித்தவர் ஒருவர் இருக்கட்டும். முப்பது வருஷம் லேத்தின் முன் நின்ற கடைசல்காரர் ஒருவரும் கட்டாயம் இருக்கட்டும். கருத்து வேற்றுமை வந்தால் கடைசி வார்த்தை அவருடையதாகட்டும்.